படக்காரருக்காக விட்ட காப்பி

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் போனில் என்ன பார்ப்பார்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். கடல் தாண்டி, பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். முழுநீளப் படங்களைக் கையாலேயே வரைந்து வரைந்து எடுத்தவர். அவர் இன்னொரு படம் எடுக்கப்போகிறாரா இல்லையா என்பதுதான் என் கேள்வி. உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்கள் உண்டு, எல்லோரும் அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர் படம் எடுக்காததால் தலைவலித் தைலம் தீர்ந்துபோகிற வீடு ஏற்காட்டு மலையில், நாகலூரில் இருக்கிற எங்கள் வீடு மட்டுமாகத்தான் இருக்கும். காரணம் என் மாமியார்.

நான் இங்கே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டுகிறார். மாமியார் சின்ன வயதிலிருந்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். கடைசிக் காலத்தில் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் கொட்டகையில் போட்டார்கள். அந்த இரைச்சலாலோ வயதாலோ, காது இரண்டும் போய்விட்டது. நாங்கள் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டினால் பஸ் ஹாரன் மட்டும் கேட்கிறது, பெற்ற மகன் பேசுவது கேட்கவில்லை, ஹாரன் கேட்க மெஷின் எதற்கு என்று கழற்றிப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

டிவி சீரியல் பார்ப்பதை மட்டும் விடவில்லை. சத்தம் இல்லாமலே பார்த்து, கதையைத் தானே கட்டிக்கொள்வார். ஒரு சீரியலில் விஷம் வைக்கிற பெரியம்மாவை, அவள் முகம் லட்சணமாக இருந்த ஒரே காரணத்தால், குடும்பத்தைத் தாங்குகிற புண்ணியவதி என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் திருத்தப் பார்த்தார்கள். அவர்கள்தான் சரியாகப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

காது போனதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு குறைந்துபோனது. கத்திக் கத்திப் பேசினால் எனக்குக் கோபம் வராதபோதும் கோபமாகப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். அவருக்கு முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் புரியும். என் முகம் கொஞ்சம் கடுகடுவென்றுதான் இருக்கும், பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஆகவே வீட்டில் எப்போதும் ஒரு சின்ன உரசல் இருந்தபடியே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பென்டிரைவ் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி யாரோ கொடுத்தது. முதலில் நாம் பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐப்பசி மழை, வெளியே தலைகாட்ட முடியவில்லை. படத்தில் ஆற்றங்கரையில் ஒரு சலவைக்காரி, அவளிடம் ஒரு கழுதை. பாலம் கட்ட ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. வெகுநேரம் யாரும் பேசுவதே இல்லை. துணி காய்கிறது, மேகம் வருகிறது, அவள் ஓடி ஓடித் துணியை எடுக்கிறாள். பேசினாலும் நமக்குத் தெரியாத பாஷை.

மாமியார் அவரைக்காயை உரிப்பதற்காக மடியில் வைத்திருந்தார். ஒரு காய்கூட உரிக்கவில்லை. படம் முடிந்ததும், “கண்ணு, மறுக்காப் போடு” என்றார்.

மறுபடி போட்டேன். இந்த முறை அவர் பார்த்த படத்தையும் நான் பார்த்த படத்தையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டோம். கதை ஒன்றாகவே இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். அந்தக் கழுதை பாலத்தில் கால் வைக்கப் பயந்து திரும்பிப் பார்க்கிற இடத்தில் அவர் என் தொடையில் தட்டினார். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கத்திச் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்தது, கண் மூடித் திறப்பதற்குள் பல படங்கள் ஓடிவிடும், ஒரு சினிமாவுக்கு வருஷக்கணக்காகும் என்று எழுதியும் கைஜாடையிலும் விளக்கினேன். முதலில் நம்பவில்லை. பொழப்பத்த வேலை என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்துவிட்டு, பச்சையை விட்டு, பத்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வருவது மாதிரிதானே என்றார். அன்றிலிருந்து அந்தப் பெரியவர் எங்கள் வீட்டில் ‘படக்காரர்’ ஆனார். “படக்காரரு இன்னும் என்ன போட்டிருக்காரு?” என்று கேட்டுக் கேட்டு, அவர் எடுத்த எல்லாப் படத்தையும் நான் தேடிக் கொண்டுவர, ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் படக்காரர் என்று ஆகிவிட்டது. உப்பளத்துக் குடும்பம் பற்றிய படத்தில் வருகிற அண்ணன்காரனை மட்டும் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அவன் வரும்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

எல்லாம் பார்த்து முடித்தோம். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டபோதுதான் நான் தேடிப் பார்த்தேன். படக்காரர் ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்திருந்தார். இனிமேல் படம் இல்லை.

மாமியார் இதை ஏதோ சொந்தத் தம்பி பங்கு நிலத்தை விற்றுவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

“ஏங்கண்ணு, கை நடுங்குதாமா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“கண்ணு தெரியலியாமா?”

அதுவும் இல்லை.

“அப்பறம் என்னத்துக்கு நிறுத்தறாராம்?”

வயதாகிவிட்டதாம் என்றேன். அவர் வாயைக் கோணிக்கொண்டு உள்ளே போனார். இரவுச் சோற்றுக்குக் கூப்பிட்டபோதுகூட அந்தக் கோணல் போகவில்லை.

அடுத்து மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழா. மலையில் இருக்கிற எல்லோரும் போவார்கள், நாங்களும் போனோம். குனிந்துதான் நுழைய வேண்டிய குகை, உள்ளே ஒரே கூட்டம், கற்பூரப் புகை. மாமியார் சாமி முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததெல்லாம் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. வெளியே வந்ததும் கடையில் காப்பி வாங்கி நீட்டினேன். வாங்கவில்லை. படக்காரர் இன்னொரு படம் போடுகிற வரைக்கும் காப்பியைத் தொடுவதில்லை என்று சாமியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இங்கே இது புதிதில்லை. சாமியிடம் ஒன்றைக் கேட்டால் நமக்குப் பிடித்த ஒன்றை அதுவரை விட்டுவைப்பது உண்டு. கறியை விடுவார்கள், வெற்றிலையை விடுவார்கள். பிள்ளை வரம் வேண்டும், பேரனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று விடுவார்கள். சினிமாவுக்காக விட்டவர் இவர்தான். மழைக்காவது வேண்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். “மழைய ஊரே கேக்கும். இத யாரு கேக்கறது?” என்றார்.

காப்பித் தோட்டத்தில் பிறந்து, காய்ச்சலுக்கும் காப்பி, துக்கத்துக்கும் காப்பி என்று வளர்ந்த ஒரு மனுஷி காப்பியை விட்டால் வீடு என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரம் தலைவலி. இரண்டாவது வாரம் எங்களுக்குத் தலைவலி. உப்பு கூடிப்போச்சு, ரசம் ஆறிப்போச்சு, நாய் வேளைக்கு எழுந்திருக்கவில்லை, எதுவும் அவருக்குச் சரியில்லை. அவர் எதிரில் குடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்காரர் சேலம் பஸ் ஸ்டாண்டில் குடித்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளியலறைக்குப் பின்னால் நின்று, டம்ளரை முந்தானையில் மறைத்துக்கொண்டு குடிப்பேன். கொட்டை வறுப்பதையும் அரைப்பதையும் மட்டும் அவர் எங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. வறுக்கிற வாசனையில் மூக்கு விடைக்க, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பார்க்கவே பாவமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

நான் படக்காரரை வேவு பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். அவர் ஒரு விழாவுக்குப் போனார், சால்வை போட்டிருந்தார். தோட்டத்தில் முள்ளங்கி போட்டிருக்கிறார். முதுகுவலி இருந்தது, இப்போது பரவாயில்லை. என் சொந்த அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பது ஒன்றுதான் தெரியாது. எழுந்து போய்ப் பென்சிலை எடுங்கள் ஐயா, என் மாமியாருக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கூட்டிப் போனோம். இதயம் பலவீனமாக இருக்கிறது, மாத்திரையை விடக் கூடாது, ஏற்றம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். மலைக்காரர்களிடம் ஏற்றம் ஏறாதே என்றால் எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் இடையில் புகுந்து, காப்பி குடிக்கலாமா என்று கேட்டேன். ஒரு டம்ளர் குடிக்கலாம் என்றார். அதை மாமியாரிடம் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். டாக்டரிடமா வேண்டிக்கொண்டேன் என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் இவ்வளவு லேசாக எப்போது ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படம் வருவதற்குள் இவர் போய்விட்டால் என்ன செய்வது, அந்தக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு முதல்முதலாகப் பயந்தேன்.

பொங்கல் முடிந்து சில நாளில் அடிவாரத்திலிருந்து நாத்தனார் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். காலேஜில் படிக்கிற பெண். படக்காரரின் புதுப் படம், முன்னோட்டம் வந்துவிட்டது என்று மூன்று வரி முழுக்கச் சிரிப்பு பொம்மைகள் போட்டிருந்தாள். ஆறு, பனி, அதே மாதிரி வானம். நான் ஓடிப்போய் மாமியார் கையில் போனைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு போய்க் குளித்துவிட்டு வந்தார். அதற்குள் நான் டிகாஷன் போட்டுவிட்டேன். முதல் டம்ளரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதையே எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்று சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

டம்ளர் பாதிக்கு வந்தபோது போன் அதிர்ந்தது. நாத்தனார் மகள்தான். அது அவர் எடுத்தது இல்லையாம். யாரோ ஒருவன் கம்ப்யூட்டரிடம் சொல்லிச் செய்ய வைத்ததாம். சாரி அத்தை என்று எழுதியிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமே என்று வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். ஆனால் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. காது கேட்காதவரிடம் பொய் சொல்வது ரொம்பக் கஷ்டம். விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாயில் இருந்ததைக் கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தார். மீதியை அவனுக்குக் கொடு என்று மகனைக் காட்டினார். நான் நாத்தனார் மகளுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் நன்றாகவே திட்டினேன். பாவம், அவளும் எங்களுக்காகச் சந்தோஷப்பட்டவள்தான்.

இப்போது புதுச் சிக்கல். பாதி டம்ளர் உள்ளே போய்விட்டது. வேண்டுதல் முறிந்ததா, நிற்கிறதா? மாமியாருக்கு அதே கவலை, சாப்பாடு இறங்கவில்லை. சாமியிடமே பூ கேட்டுவிடுவது என்று முடிவானது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஏறக் கூடாத ஏற்றத்தை ஏறாமல், கோவில் வாசல் வரைக்கும் ஜீப் பிடித்துப் போனோம்.

அங்கே பூசாரியிடம் மாமியார் விஷயத்தைச் சொன்னார். காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். சுற்றுலா வந்த கூட்டம் முழுக்க நின்று கேட்டது. கடல் தாண்டி ஒரு படக்காரர், அவர் கழுதை, அவர் ஓய்வு, தன் காப்பி, கம்ப்யூட்டர் செய்த துரோகம், எல்லாம். பூசாரி சிரிக்காமல் கேட்டார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியாருக்கு இதயம் பலவீனம், வயதான மனுஷி, அந்த ஆள் படம் எடுக்கவே மாட்டார் போலிருக்கிறது, வேண்டுதலிலிருந்து சாமி விடுவிக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள் என்றேன். அவர் அதை மாமியாருக்கும் சைகையில் புரியவைத்தார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் விட்டுவிடலாம், சிவப்பு வந்தால் தொடர வேண்டும். கூட்டத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். நான் வெள்ளை, வெள்ளை என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிரித்தால், வெள்ளை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர், ஏனுங்க, பாட்டிக்கு ஒரு காப்பி போடுங்க என்று கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார். காப்பி வந்தது, பேப்பர் கப்பில், நுரையோடு. மாமியார் அதை வாங்கி, வாசனை பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார்.

“சாமி உட்டுட்டாருங்க. நாந்தான் இன்னும் உடலீங்க” என்று பூசாரியிடம் சொன்னார்.

ஜீப்பில் திரும்பும்போது நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு கோபம். சாமியே விட்ட பிறகும் இது என்ன பிடிவாதம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது, மிளகுக் கொடிகள்கூடத் தெரியவில்லை. நாகலூர் நெருங்கும்போது அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“கண்ணு, உங்க மாமனும் இப்பிடித்தான் ஒருநா, எஸ்டேட்டுல கணக்கு முடிச்சுக் குடுத்ததும், போதும்னு உக்காந்தாரு. நானும் செரி உக்காருங்கன்னு உட்டுட்டேன். வருசம் திரும்பலை. படக்காரர நான் அப்பிடி உடமாட்டேன். அந்தப் படத்தப் பாத்து அந்தக் காப்பியக் குடிக்காம நானும் எங்கயும் போறாப்பல இல்லை.”

மாமனார் இறந்தது என் கல்யாணத்துக்கு முன்னால். அவரைப் பற்றி மாமியார் என்னிடம் பேசியதே இல்லை. மாமியார் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். கையில் இருந்த காப்பி ஜீப் ஆடின ஆட்டத்தில் புடவையிலெல்லாம் கொட்டிவிட்டிருந்தது.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. படம் என்று யாரும் சொல்லவில்லை. படக்காரரின் மகள் ஒரு பேட்டியில், அப்பா பேப்பர் வாங்கியிருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, அவரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை என்று சிரித்திருக்கிறார். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. நாத்தனார் மகளை விட்டு மூன்று இடத்தில் சரிபார்த்த பிறகுதான் மாமியாரிடம் சொன்னேன்.

“எவ்வளவு பேப்பரு?” என்று கேட்டார்.

கட்டுக்கட்டாக என்று கையை விரித்துக் காட்டினேன். பிறகு மகனிடம் காப்பி நாற்று கொண்டுவரச் சொன்னார். வந்ததும் வீட்டுக்குப் பின்னால், குளியலறைக்குப் பக்கத்தில், அதாவது நான் ஒளிந்து குடிக்கிற இடத்தில்தான், குழி எடுத்து நட்டார். குழி தோண்டியது நான், உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்தது அவர். காப்பி நாற்று காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். இது பழுத்து, பறித்து, காய்ந்து, தானே வறுத்து அரைக்கவும், படக்காரர் வரைந்து முடிக்கவும் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு அந்த நாற்றுகளைப் போய்ப் பார்க்கிறார். முன்பெல்லாம் மாத்திரை போட வைக்க நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது, இப்போது அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

நானும் தினமும் காலையில் போனைப் பார்க்கிறேன். முன்பு செய்தி எதுவும் இல்லையென்றால் எரிச்சலாக வரும், இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு சோம்பேறித்தனம் என்று. இப்போது புதிதாக ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் நிம்மதியாக இருக்கிறது. பெரியவரே, அவசரமே இல்லை, ஒரு இலையைக்கூட விடாமல் நிதானமாக வரையுங்கள் என்று சொல்லிக்கொண்டு, காப்பியைப் பள்ளிக்கூடத்தில் குடித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறேன்.